கழிவு பத்து விழுக்காடு

மதிப்பும் பாசமும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணங்கி எழுதுவது. இங்கே அப்பாவைத் தவிர அனைவரும் நலம். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே பதிவு செய்கிறேன்.

நீங்கள் சிபாரிசு செய்த பெண் ஏற்றுமதிக்காரர் இன்று நம் துண்டுக் கடைக்கு வந்தார். முன்பக்கம் அம்மாவின் சில்லறை வியாபாரம், பின்பக்கம் அப்பாவின் மொத்த வியாபாரம் என்பது நீங்கள் அறிந்ததே. நம்மிடம் வாங்கிவந்த பழைய கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டதால், இந்த வெளிநாட்டு ஆர்டர் கிடைக்காவிட்டால் பின்பக்கத்தை மூட வேண்டியதுதான். மாதிரித் துண்டுகளுக்குச் சீட்டு எழுதியது நான். "விலைக்குக் கீழ கழிவு பத்துன்னு போடும்மா, சந்தோஷப்படட்டும்" என்றார் அப்பா. மொத்தக் கடையில் கழிவு என்றால் விலையில் தள்ளித் தருவது. விலையையும் எழுதினால் சீட்டின் அழகு கெடும் என்று நான், "பருத்தித் துண்டு. கழிவு பத்து விழுக்காடு" என்று மட்டும் முத்து முத்தாக எழுதினேன். ஏற்றுமதிக்காரர் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்ன சார், பத்து சதவீதம் கழிவா?"

"பத்தாதா மேடம்? உங்களுக்காகப் பதினஞ்சு பண்ணிடலாம்."

"ஐயோ, வேணாம் சார்!"

"கூச்சப்படாதீங்க. பழகிட்டா இருபதுகூட உண்டு. கழிவுல நாங்க கை சுருக்கினதே இல்ல!"

"அவர் அப்படித்தாங்க, கேக்காமயே அள்ளிக் குடுத்துடுவாரு. என் பக்கம் வாங்கிப் பாருங்க, பேச்சுக்குக்கூடக் கழிவு கிடையாது" என்றார் அம்மா, முன்பக்கத்திலிருந்து.

"யோசிச்சு சொல்றேன்" என்று அவர் படியிறங்கிய பிறகுதான், அகராதியில் 'கழிவு' என்ற சொல்லின் முதல் பொருள் எனக்கு நினைவு வந்தது. குப்பை! கழிவுப் பஞ்சில் நெய்த துண்டு என்றல்லவா நினைத்துவிட்டார்! சொன்னதும் அப்பா திட்டவில்லை. ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நல்ல நூலும்மா இது" என்றார். திட்டியிருக்கலாம். ஆகவே மாமா, நம் துண்டில் கழிவு ஓர் இழைகூட இல்லையென்று அவரிடம் உடனே சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசியை வேண்டும்,
மருமகள்

பின்குறிப்பு: மாமா, நீங்கள் சொல்ல வேண்டியதில்லை! ஏற்றுமதிக்காரர் இப்போதுதான் ஃபோன் செய்தார். சுற்றுச்சூழலுக்கு நல்லதென்று கழிவுப் பஞ்சு கலந்த துண்டுக்குத்தான் வெளிநாட்டில் கிராக்கியாம், இருபது விழுக்காடே வேண்டுமாம். "ஆமான்னு சொல்லிடுங்க" என்று அம்மா சைகை காட்டினார். அப்பாவோ, "இல்லாததை இருக்குன்னு சொல்ல மாட்டேன் மேடம்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. கழிவு நூல் எங்கே கிடைக்கும் என்று அவரே சொல்வாராம், நெய்ய வைத்துக் கொடுத்தால் ஆர்டர் நமக்குத்தானாம். ஆனால் அந்த நூல் நல்ல நூலைவிட விலை அதிகமாம். "அப்படியா மேடம்? சரி, அந்தக் கழிவுக்கு ஏதாவது கழிவு உண்டா?" என்று அப்பா கேட்கிறார். பதிலை எழுதுவதற்குள், கடை சாத்தும் நேரம் என்று அம்மா விளக்குகளை அணைத்துவிட்டார்.