ஏழு நாள் தண்ணீர் தெளித்த சாம்பிராணி மரம்

எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது சாம்பல். நெய்வேலி அனல் மின் நிலையத்து ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். பழுப்பு நிலக்கரி எரிந்து மிஞ்சுகிற சாம்பலைச் சலிப்பது, எடை போடுவது, சுண்ணாம்பு எவ்வளவு இருக்கிறது, ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. இதுதான் என் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவன் சொந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில், பெண்டாட்டி பார்க்க, பிளாக்கே பார்க்க, அதே சாம்பலிடம் மானத்தை விட்ட கதை இது. (மானம் போனதா, வந்ததா என்பதில் எங்கள் குடும்பத்துக்குள் இன்னும் இரண்டு கட்சி உண்டு. எழுதுவது நான் என்பதால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அருள்தாஸ் ஓமன் நாட்டில் சலாலாவில் வேலை பார்க்கிறான். கோயிலில் தூபத்துக்குப் போடுகிற அசல் சாம்பிராணி, அந்த ஊர் மலையில் நிற்கிற மரங்களின் பட்டையிலிருந்துதான் வடிகிறதாம். நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருடம் ஜூன் மாதம் லீவில் வந்தவன், காட்ட வேண்டிய காகிதங்களையெல்லாம் முறையாகக் காட்டி, சாண் உயரக் கன்றுகள் மூன்றைக் கொண்டுவந்தான். ஒன்று குன்னூரில் இருக்கும் பெரிய அக்காவுக்கு. ஒன்று சென்னையில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் சின்ன அக்காவுக்கு. மூன்றாவது நடு அக்காவான ஸ்டெல்லாவுக்கு, அதாவது எனக்கு.

அன்றைக்கு எல்லோரும் எங்கள் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு கிறிஸ்மஸ் பேச்சு வந்தது. எங்கள் குடும்பத்தில் கிறிஸ்மஸ் என்றால் குன்னூர். பெரிய அக்காவின் கணவர் சேவியர், என் சகலை, தேயிலைத் தொழிற்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய வீடு, மரப்படி, கணப்பு அடுப்பு எல்லாம் உண்டு. இருபத்தெட்டு வருடமாக டிசம்பர் பிறந்தால் நாங்கள் மூட்டையைக் கட்டுவோம். அங்கே போனால் எனக்கு ஒரு குரங்குக் குல்லாவும், ஸ்டெல்லாவுக்கு அக்காள் வீட்டு அடுக்களையும் கிடைக்கும்.

"இந்த வருஷம் எல்லாரும் இங்க வாங்களேன்" என்றாள் ஸ்டெல்லா. "மே மாசம் இவரு ரிட்டயர்டு. அப்பறம் இந்தக் குவார்ட்டர்ஸ காலி பண்ணிடுவோம். இந்த வீட்ல ஒரு கிறிஸ்மஸ் கூட நான் சமைச்சுப் போட்டதில்ல."

சகலை பல் குத்திக்கொண்டே சிரித்தார். "கிறிஸ்மஸுக்கு யாராவது ஃபேன் போட்டுக்குவாங்களா ஸ்டெல்லா?"

ஸ்டெல்லாவின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்த அருள்தாஸ் சட்டென்று ஒரு தீர்ப்புச் சொன்னான். "சண்டை வேணாம். மூணு பேருகிட்டயும் செடி இருக்கு. மலைக்குளிரு, கடக்காத்து, நெய்வேலி வெயிலு. கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முந்தி, திருவருகைக் கால மொத ஞாயித்துக்கெழமை நான் வீடியோ கால்ல பாக்குறேன். யாரு செடி உசுரோட நிக்குதோ அவங்க வீட்ல கிறிஸ்மஸ்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை அப்படி நம்பிக்கையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே இணையத்தில் தேடினேன். இந்த மரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, சுண்ணாம்புப் பாறை என்றால் உயிர் என்று போட்டிருந்தது. சுண்ணாம்பு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. குன்னூரில் ஏது சுண்ணாம்பு? ஒன்பதாவது மாடியில் ஏது? என்னிடம் அல்லவா இருக்கிறது, மலை மலையாக!

மறுநாள் கேட் பாஸ் போட்டு ஒரு மூட்டைச் சாம்பல் வாங்கினேன். அதை டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் கலியபெருமாள். கம்மாபுரம் பக்கத்துக்காரர், சாம்பல் கையாளும் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி, என் வயசுதான் இருக்கும்.

"எதுக்கு சார் இது?"

"செடி வைக்க. அரபு நாட்டுச் செடி."

அவர் மூட்டையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "தண்ணி ஊத்துனா கல்லாயிடுமே சார். எங்க வூட்டு மாட்டுக்கொட்டாய்க்குத் தரையே இதாலதான் போட்டுகினு கெடக்கோம்."

"கலியபெருமாள், இந்தச் சாம்பலப் பத்தி ரிப்போர்ட் எழுதுறதே நான்தான்."

"அதான் சார், ஒங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். (அந்தக் குரலில் இருந்த எச்சரிக்கையை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் விதி சிரித்தது.)

நீல நிற பிளாஸ்டிக் ட்ரம் ஒன்றைப் பாதியாக அறுத்தேன். சாம்பல் இரண்டு பங்கு. ஆற்று மணல் ஒரு பங்கு. தண்ணீர் வடிவதற்காகக் கருங்கல் ஜல்லி மூன்று பங்கு. வீடு கட்டியவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும், கொஞ்சம் பொறுங்கள். கலவையில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, நடுவில் கன்றை வைத்து, சுற்றிலும் கொட்டினேன். உள்ளே காற்றுப் பை நின்றால் வேருக்கு ஆகாது என்று ட்ரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். கரணையால் மேலே வழுவழுவென்று தேய்த்துவிட்டேன். கடைசியாக, வெயில் தாக்காமல் இருக்க ஈரச் சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் ஏழு நாள் விடாமல் தண்ணீர் தெளித்தேன். ஒரு கொத்தனார் தன் சொந்த வீட்டுக் கூரைக்குக்கூட அவ்வளவு பக்தியாகச் செய்திருக்க மாட்டார்.

எட்டாம் நாள் ஈரம் பார்க்கலாம் என்று விரலை வைத்தேன். இறங்கவில்லை. கட்டை விரலை வைத்தேன், இறங்கவில்லை. சாவியால் குத்தினேன், சாவி வளைந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. மேலே இரண்டு கை செம்மண்ணைத் தூவி மறைத்துவிட்டேன். செடியும் பாவம், நான்கு மாதம் இலையோடு நின்று என் மானத்தைக் காப்பாற்றியது. இதற்கிடையில் ஆகஸ்டில் சென்னைச் செடி ஏசி குளிரில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஸ்டெல்லா அனுதாபம் சொல்லிவிட்டு, ஃபோனை வைத்ததும் கேக்குக்கு முந்திரி, திராட்சை ஊறவைக்கக் கண்ணாடி ஜாடி தேட ஆரம்பித்தாள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் வடலூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த சகலை, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நேராகச் செடியிடம் போனார்.

"ஈரம் இருக்கா சகல?" என்று ஆள்காட்டி விரலை வேகமாக மண்ணுக்குள் விட்டார். "ஆ!" என்று கத்திக்கொண்டே கையை உதறினார். நகம் பெயர்ந்துவிட்டது. பிறகு செம்மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, கீழே குனிந்து, மோதிரத்தால் தட்டினார். டங், டங் என்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன்.

"சகல, இது தொட்டியில்ல. பில்லர்!"

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர் தட்டத் தட்ட வீடியோ எடுத்து, 'நெய்வேலியில் அடிக்கல் நாட்டு விழா' என்று தலைப்புப் போட்டுக் குடும்பக் குரூப்பில் ஏற்றினார். அது அங்கிருந்து எங்கள் பிளாக் குரூப்புக்கு எப்படிப் போனது என்று இன்று வரை தெரியாது. மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முதற்கொண்டு விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தன் தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். (அவர் உண்மையாகவே கேட்டார், அதுதான் கொடுமை.) ஆய்வுக்கூடத்தில் என் ஜூனியர்கள் ஒரு கான்கிரீட் பரிசோதனைப் படிவத்தைப் பூர்த்தி செய்து என் மேஜையில் வைத்திருந்தார்கள். மாதிரியின் பெயர் என்ற இடத்தில் 'செடி' என்றும், ஏழு நாள் வலிமை என்ற இடத்தில் 'மிக நன்று' என்றும் எழுதியிருந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஸ்டெல்லா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், கழுவிக் காயவைத்திருந்த கண்ணாடி ஜாடியை எடுத்துப் பரண்மேல் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "செடி போனா போவுதுங்க. ஒரே ஒரு கிறிஸ்மஸ்தான் கேட்டேன். வேற என்னிக்காவது எதாவது கேட்டிருக்கேனா?"

அவள் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரமே செடியின் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கல்லுக்கு நடுவே ஒரு குச்சிதான் மிச்சம் நின்றது.

என்ன ஆனாலும் சரி, உடைத்து எடுத்து வேறு மண்ணில் நட்டுவிடுவது என்று சனிக்கிழமை கலியபெருமாளைக் கூப்பிட்டேன். வந்தவர் நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஏழு நாளு தண்ணி வேற தெளிச்சீங்களா சார்?"

"தெளிச்சேன்."

"நல்லா புடிச்சிருக்கும்" என்றார், தொழில் மரியாதையோடு.

ட்ரம்மை அறுத்து எடுத்தோம். உள்ளே ஆட்டுக்கல் கணக்காகச் சாம்பல் நிறக் கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் சம்மட்டியை ஓங்கினேன். கலியபெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சார். கல்லு ஒடஞ்சா வேரும் சேந்து அறுந்துபூடும். வுடுங்க, என்னதான் பண்ணுதுன்னு பாப்போம்." சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது.

ஒன்பது நாள் மழை. கடலூர்ப் பக்கத்து ஐப்பசி மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோட்டம் குளமானது. ரோஜா அழுகியது, பப்பாளி சாய்ந்தது, கத்திரிச் செடிகள் இருந்த இடமே தெரியவில்லை. பத்தாம் நாள் வெயில் வந்ததும், செத்துப்போன குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்பது என்ற முடிவோடு வெளியே போனேன்.

தண்ணீருக்கு நடுவில் அந்தக் கல் மட்டும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. நான் கரணையால் தேய்த்த தேய்ப்பில் மொட்டைமாடிக்கு விடுகிற மாதிரி வாட்டம் விழுந்திருந்தது, பெய்ததெல்லாம் வழிந்து ஓடியிருக்கிறது. குச்சியின் நுனியில் கடுகளவில் இரண்டு பச்சை.

நான் போட்ட கூச்சலில் ஸ்டெல்லா கரண்டியோடு ஓடி வந்தாள். சாயங்காலம் கலியபெருமாளும் வந்து கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் விரல் வைத்தார். "இங்க பாருங்க சார். கல்லப் பொளந்துகினு வேரு வெளிய வருது." மயிரிழை விரிசலில் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. ஸ்டெல்லா உள்ளே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஜாடியை இறக்கினாள்.

திருவருகைக் கால முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் வீடியோ கால். முதலில் குன்னூர். சகலை செடிக்கென்று கண்ணாடிக் கூண்டு கட்டி, உள்ளே சூட்டுக்கு பல்பு போட்டு, அடியில் தேயிலைத் தோட்டத்து உரமண்ணெல்லாம் போட்டு ராஜ வைத்தியம் செய்திருந்தார். ஆனால் செடியில் இலை இல்லை.

"பனிக்கு இது தூங்கும் அருள்" என்றார் சகலை.

"பெரிய மாமா, நகத்தால பட்டையக் கீறிக் காட்டுங்க. உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்கு."

சகலை லேசாகக் கீறினார். செடி வேரோடு அவர் கையில் வந்துவிட்டது. அடிப்பக்கம் கறுத்துக் கூழாகியிருந்தது.

பிறகு எங்கள் முறை. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டெல்லா கல்லின் முன் குனிந்து, ஆறு புதிய இலைகளை ஒதுக்கி, பட்டையை நகத்தால் கீறினாள். பச்சை. அந்தப் பச்சையிலிருந்து பால் மாதிரி ஒரு துளி மெதுவாகத் திரண்டு நின்றது. அவள் அதைத் தொட்டு மோந்து பார்த்தாள். என் மூக்கிலும் வைத்தாள். பெரிய பூசையன்று பீடத்திலிருந்து வருகிற அதே மணம், எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில்.

"மாமா!" என்று சலாலாவிலிருந்து கத்தினான் அருள்தாஸ். "இங்க மலையில இது இப்படித்தான் நிக்கும்! மண்ணே இருக்காது, வெறும் பாறையக் கட்டிப் புடிச்சுகினு நிக்கும். பாறை வேணும்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"ஆராய்ச்சிதான்" என்றேன் அடக்கமாக. ஸ்டெல்லா என் தொடையில் கிள்ளினாள்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு இரண்டு படுக்கையறைக் குவார்ட்டர்ஸில் இருபத்துமூன்று பேர். கல்லை நகர்த்த முடியாததால் அதைச் சுற்றியே குடில் கட்டினோம். பெத்லகேம் மலைக்கு அதைவிடப் பொருத்தமான பாறை திருச்சபை வரலாற்றிலேயே கிடையாது. கலியபெருமாள் குடும்பத்தோடு வந்து இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். சகலை ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அடுக்களை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று தன் அக்காவிடம், "அந்த வெங்காயத்த இன்னும் பொடிசா நறுக்குக்கா" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். முப்பத்தோரு வருட சர்வீஸில் எனக்கு வராத ப்ரமோஷன் அன்றைக்கு வந்துவிட்டது.

ரிட்டயர் ஆனதும் குறிஞ்சிப்பாடியில் சொந்த வீட்டுக்கு வந்தோம். சாமான்களுக்கு ஒரு லாரி, கல்லோடு நின்ற மரத்துக்குத் தனியாக ஒரு குட்டி யானை வண்டி. மரம் இப்போது என் தோள் உயரம். குடும்பத்தில் யார் வீடு கட்டினாலும், கான்கிரீட் போடுகிற அன்று என்னை அழைத்து முதல் சட்டியைக் கையில் கொடுக்கிறார்கள். கூடவே யாராவது ஒருவர், "நடுவுல செடி கிடி வெச்சுடாதீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

போன மாதம் சகலை ஃபோன் செய்தார். அருள்தாஸிடம் கேட்டு இன்னொரு கன்று வாங்கியிருக்கிறாராம். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சகல, ஒரு மூட்டைச் சாம்பல் கெடைக்குமா? அப்படியே அந்தக் கலவைக் கணக்கும் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். "மூட்டை அனுப்புறோம் மாமா. ரெண்டுக்கு ஒண்ணுக்கு மூணு. ஏழு நாள் தண்ணி தெளிங்க. ஆனா செடி பொழைச்சாலும் சரி, காடா வளந்தாலும் சரி, கிறிஸ்மஸ் இங்கதான்."