மம்மிக்கும் ஒரு நாள் ஜன்னல்

பொம்மைகளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று ஒரு சினிமாக் கம்பெனியையே எதிர்த்து நின்ற மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் மியூசியம் நைனா ஒருவர்தான். இன்னொருவர் இருந்தால் எழுதுங்கள், நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

நான் அப்போது ஒரு படத்தில் கன்டினியூட்டி பார்க்கும் உதவியாளர். முதல் காட்சியில் கதாநாயகன் இடது கையில் காபி டம்ளர் வைத்திருந்தால், அடுத்த காட்சியிலும் அது இடது கையில்தான் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சரியாகச் செய்தால் ஒருவருக்கும் நம் பெயர் தெரியாது. தவறினால் யூனிட்டில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்.

படம் குழந்தைகளோடு குடும்பமாய்ப் பார்க்கிற கதை. ஒரு குடும்பம் மியூசியத்துக்குப் போகிறது, அங்கே காட்சிக்கு வைத்த பொம்மைகள் உயிர்பெற்று ரகளை செய்கின்றன. நிஜ மியூசியத்தில் அனுமதி கிடைக்காததால், பழவேற்காடு பக்கம் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் கம்பெனி கோடவுனைப் பிடித்து, உள்ளே தூண், படிக்கட்டு, பெரிய ஜன்னல் எல்லாம் வைத்து மியூசியமாக மாற்றியிருந்தார்கள். பத்து கேன் பினாயில் ஊற்றியும் ராஜா சிலை மேல் காரப்பொடி மீன் வாடை போகவில்லை.

எனக்கு அது முதல் படம். அனுப்பம்பட்டில் இருக்கும் என் அப்பா, நான் அழுது அடம்பிடித்த பிறகு ஒரே ஒரு படத்துக்குத்தான் சம்மதித்திருந்தார். இதிலிருந்து பாதியில் அனுப்பிவிட்டார்கள் என்றால், மறுநாள் காலையே பெரியப்பாவின் அரிசி மில் ஆபீசில் போய் உட்கார வேண்டும். பெரியப்பா நல்லவர்தான். ஆனால் நாள் முழுக்கத் தவிட்டுத் தூசிக்கு நடுவே உட்கார்ந்து தும்முவதற்காகவா நான் இத்தனை சினிமா பார்த்தேன்?

செட்டுக்குக் காவல் ஆள் வேண்டும் என்று கேட்டபோது ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்திலிருந்து படகேறி வந்தவர்தான் நைனா. அறுபது வயதிருக்கும். கட்டம்போட்ட லுங்கி, மேலே கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. பித்தான் மட்டும் போடவே மாட்டார். ஊரில் பாதிப் பேர் அவரை நைனா என்று கூப்பிட்டதால் நாங்களும் கூப்பிட்டோம். முன்னால் மியூசியம் என்பதை டீக்கடைக்காரர் சேர்த்தார்.

வந்த அன்றே செட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, உள்ள எத்தினி தலைக்கட்டு?"

தலைக்கட்டு என்றால் அவர்கள் ஊரில் ஒரு குடும்பக் கணக்கு. நான் விழித்தேன். அவரே விரல்விட்டு எண்ணினார்: ராஜா, புலி, துப்பாக்கி பிடித்த ஒல்லாந்துச் சிப்பாய், நாட்டியக்காரி, பாம்பாட்டி, மூலையில் தூணுக்குப் பின்னால் பெட்டிக்குள் துணி சுற்றிய எகிப்து மம்மி.

"ஆறு. பரவால்ல, சமாளிச்சிரலாம்" என்றார்.

சமாளித்தார். கதாநாயகன் ஒருநாள் அலுப்பில் ராஜா சிலைமேல் சாய்ந்துவிட்டார். நைனா அவர் காதருகே போய், "தம்பி, அவுரு உம்மேல சாஞ்சாரா?" என்றார். அதற்குப் பிறகு கதாநாயகன் நாற்காலியில்கூட யோசித்துத்தான் சாய்ந்தார். வேடிக்கை பார்க்க ஊர்ப் பெண்கள் வந்தால் பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டு வரலாறு சொல்வார். வரலாறு முழுக்கச் சொந்தத் தயாரிப்பு.

"இந்த வெள்ளக்காரன் கப்பல்ல வந்தான். ஏரிய பாத்து கடல்னு நெனச்சுக்கினு குதிச்சான், முட்டிதான் நனைஞ்சுது. வெக்கத்துல அப்டியே நின்னுட்டான்."

"அந்தத் துணி சுத்தினவரு யாரு நைனா?"

"அவுரா? பாவம், ஒடம்பு சரியில்ல. ஊர் பாஷ வேற தெரியாது. அதான் மூலையில போட்டுட்டானுங்க."

முதல் நாள் செவ்வாய்க்கிழமை. ராஜா ஜன்னலருகே நின்றார், படப்பிடிப்பு நடந்தது. புதன்கிழமை காலை வந்து பார்த்தால் ஜன்னலருகே புலி நிற்கிறது, ராஜா தூணுக்குப் போய்விட்டார். ஆர்ட் டைரக்டர் மாற்றியிருப்பார் என்று நான் நினைத்தேன். டைரக்டர் மாற்றச் சொல்லியிருப்பார் என்று ஆர்ட் டைரக்டர் நினைத்தார். ஆர்ட் டைரக்டர் ஏதோ புதுமை செய்கிறார் என்று டைரக்டர் நினைத்தார். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. எங்கள் டைரக்டரிடம் சந்தேகம் கேட்டவர்கள் யாரும் அடுத்த வேளைச் சாப்பாட்டை அங்கே சாப்பிட்டதில்லை. எனவே நான் வாயை மூடிக்கொண்டு, எது எங்கே நிற்கிறது என்று செல்போனில் படம் எடுத்து வைத்தேன். வியாழக்கிழமை ஜன்னலருகே சிப்பாய். வெள்ளி நாட்டியக்காரி. சனி பாம்பாட்டி.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவை என்று சீனியர் அக்கா ஒருவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அவரைப் பழங்காலத்து ஆள் என்று நினைத்துக்கொண்டவள் நான். சனிக்கிழமை சாயங்காலம் ஏரியில் படகுக் காட்சி. குனிந்து படம் எடுத்தேன். செல்போன் கை நழுவி ஏரிக்குள் போயிற்று. சிக்னலே இல்லாத ஊர், படங்கள் வேறெங்கும் பதிந்திருக்கவும் வழியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நாளையோடு இங்கே படப்பிடிப்பு முடிகிறது, ஒரு நாள்தானே, தப்பித்துவிடலாம் என்று இருந்தேன்.

அன்று ராத்திரியே, எடுத்ததைச் சென்னையில் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் லாட்ஜ் போனில் டைரக்டரைக் கூப்பிட்டுவிட்டார். "யோவ், ஒரே சீன்ல குழந்தைக்குப் பின்னாடி முதல்ல ராஜா, அப்புறம் புலி, அப்புறம் துப்பாக்கிக்காரன். என்னய்யா நடக்குது அங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை டைரக்டர் மொத்த யூனிட்டையும் செட்டில் கூட்டினார். "கன்டினியூட்டி யாரு?" என்றார். தொண்ணூறு பேர் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

திட்டுவார் என்று பார்த்தால் அவர் அமைதியாகப் பேசினார்.

"பொம்மைங்கதான் உயிரோட இருக்கே, அதுங்களா எடம் மாறுச்சுனு கதையில ஒரு வரி சேர்த்துடறேன். அது பிரச்சினை இல்ல. பாப்பாவோட குளோசப் அத்தனையும் இன்னிக்கு எடுக்கணும். ஒவ்வொரு நாளும் எது எங்க நின்னுச்சுனு சரியா சொல்லு, அதே மாதிரி வச்சு எடுத்துடலாம். தப்பாச்சுனா நீ சாயங்காலம் பஸ் ஏறிடு."

பாப்பா என்றது எங்கள் குழந்தை நட்சத்திரம். வந்த அன்றே அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பொய்ப்பல் செய்து வருகிற வரைக்கும் அவளைத் தூரத்திலிருந்துதான் எடுத்தோம். பல் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், எல்லாம் அன்றன்றே சென்னைக்குப் போய்விட்டது, அங்கே எடிட்டர் ஆபீஸ் பூட்டியிருந்தது, எடிட்டர் மச்சான் கல்யாணத்தில் இருந்தார். படம் வெளியே கசிந்துவிடும் என்று செட்டுக்குள் மற்ற எல்லாருடைய செல்போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அனுமதி இருந்த ஒரே செல்போன் என்னுடையது. அது இப்போது மீன்களிடம் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பாவின் மில்லிலிருந்து தவிட்டு வாசனையே வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து குரல். "அந்தப் பொண்ண இன்னாத்துக்கு சார் மெரட்றீங்க? மாத்தினது நானு."

கூட்டம் விலகியது. நைனா பல் குத்திக்கொண்டே முன்னால் வந்தார்.

"நீயா? உன்ன யாருய்யா மாத்தச் சொன்னது?" என்றார் டைரக்டர்.

"எங்க ஊர்ல பாடுனு ஒண்ணு கீது சார். முகத்துவாரத்தாண்ட எறா நல்லா வுழுற எடம் கொஞ்சந்தான் கீது. அதுல ஒருத்தனே குந்திக்கினா மத்தவன் வூட்ல ஒலை வெக்க முடியாது. அதனால சீட்டு குலுக்கி, இன்னிக்கு நீ, நாளைக்கு நானுன்னு மொற வெச்சுப்போம். பலசாலியும் ஒண்ணு, நோஞ்சானும் ஒண்ணு. இங்க வந்து பாத்தா, ஜன்னலாண்டதான் வெளிச்சம், அங்கதான் கேமராவும். அங்க ராஜா நிக்கிறாரு. ராஜாவா இருந்தா? ஆறு நாளும் அவுரே நிப்பாரா? அந்த மூலையில கீறவரு இன்னா பாவம் பண்ணாரு?"

புதன்கிழமை விடிந்ததும் டீக்கடைக்காரரையும் படகுக்காரரையும் சாட்சி வைத்துச் சீட்டுக் குலுக்கியிருக்கிறார். முதல் நாளை ராஜா ஏற்கெனவே அனுபவித்துவிட்டதால் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. அந்தந்த நாள் காலை நான்கு ஆட்களை வைத்து எல்லாரையும் நகர்த்தியிருக்கிறார். இன்னிக்கு யார் ஜன்னலாண்ட என்று டீக்கடையில் தினமும் பேச்சு நடந்திருக்கிறது. பசியாவரம் முழுக்கத் தெரிந்த விஷயம் எங்கள் யூனிட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"எது எங்க நின்னுச்சுனு ஞாபகம் இருக்கா?" டைரக்டரின் குரல் இறங்கியிருந்தது.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாடு மொறய மறப்பாங்களா சார்? மறந்தா ஊர்ல வெட்டுக் குத்து ஆயிடும். எழுதிக்க கண்ணு."

நான் எழுதினேன். நோட்டில்தான். செவ்வாய் ராஜா ஜன்னல், புலி தூண், சிப்பாய் படி. புதன் புலி ஜன்னல், ராஜா தூண், சிப்பாய் கதவு. எந்தப் பக்கம் முகம் திரும்பியிருந்தது என்பது உள்பட, ஐந்து நாளையும் மூச்சுவிடாமல் சொன்னார். டைரக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போது மேக்கப்மேன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, உள்ளாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்த செல்போனில் வியாழக்கிழமை திருட்டுத்தனமாக எடுத்த செல்ஃபியை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஜன்னலருகே சிப்பாய், கதவருகே நாட்டியக்காரி. நைனா சொன்னபடியே அச்சாக இருந்தது.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் பாதிதான் வந்திருந்தது.

"சரி, ராஜாவைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைங்க" என்று டைரக்டர் சொன்னதும், நைனா ஜன்னலை மறித்து நின்றுகொண்டார்.

"அது முடியாது சார். இன்னிக்கு மொற மம்மிக்கு. நீங்க கூட்டம் போட்டதுல இன்னும் அவுர மூலைய வுட்டு நகத்தல. அஞ்சு நாளா காத்துக்கினு கீறாரு. நாளைக்கு நீங்க மூட்ட கட்டிக்கினு போயிருவீங்க. அப்பால அவுருக்கு எப்போ?"

தயாரிப்பு மேனேஜர் கத்தினார். கேமராமேன் கெஞ்சினார். நைனா அசையவில்லை. வெளியே நின்ற ஊர்க்காரர்களும் அவர் பக்கமே. நான் அவரிடம் போனேன்.

"நைனா, இது நடக்கலன்னா என் வேலை போயிடும். எங்கப்பா மறுபடி அனுப்ப மாட்டாரு. உங்க ஊர்ல மொறையை விட்டுக்கொடுக்கவே மாட்டாங்களா?"

அவர் பல்குச்சியைத் தூர எறிந்தார். "கொடுப்பாங்க. ஆனா மொறக்காரன் வாயால சரின்னு சொல்லணும். கேக்க வேண்டியவன் நேர்ல வந்து கேக்கணும். ஆள் வுட்டுக் கேட்டா செல்லாது." பிறகு டைரக்டரைப் பார்த்து, "போயி கேளு சார்" என்றார்.

டைரக்டர் எட்டுப் படம் எடுத்தவர். எந்த நடிகரிடமும் கால்ஷீட்கூடப் பணிந்து கேட்டதில்லை என்பார்கள். அவர் மணியைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார், பொய்ப்பல்லோடு உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு மெதுவாக மம்மிப் பெட்டி முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினார்.

"ஐயா, இன்னிக்கு உங்க முறை. எங்களுக்குக் கொஞ்சம் அவசரம். விட்டுக்கொடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்."

பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"எடுத்துக்குங்க சார், எனக்கு மூச்சு முட்டுது."

மம்மி எழுந்து நடக்கிற காட்சிக்காக, காலை டிபன் முடிந்த கையோடு துணை நடிகர் ஒருவரைத் துணி சுற்றி உள்ளே நிற்க வைத்திருந்தார்கள். நடந்த களேபரத்தில் எல்லாரும் அவரை மறந்துபோயிருந்தோம். இரண்டு மணி நேரமாக உள்ளே நின்றிருக்கிறார்.

நைனா ஜன்னலை விட்டு விலகினார். "சொல்லிட்டாரு. வேலைய பாருங்க" என்றார். உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார், முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார்.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். நைனா நடுவில் நின்று "புலிய இன்னும் ஒரு சாண் தள்ளு, அன்னிக்கு வாலு படியில இடிச்சுது" என்று சொல்லச் சொல்ல, ஐந்து நாள் மியூசியத்தையும் ஒரே பகலில் திரும்ப நிறுத்தினோம். குழந்தையின் பொய்ப்பல் இரண்டு முறை கழன்று விழுந்ததைத் தவிர வேறு அசம்பாவிதம் இல்லை. கடைசிக் குளோசப் முடிந்தபோது மணி நாலரை. டைரக்டர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "அடுத்த படத்துக்கும் வந்துடு. செல்போன் எடுத்துட்டு வராத" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோடவுனுக்கு வெளியே, படகு கட்டும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். நைனா அங்கே ஒரு தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேல போவல இல்ல?"

"போகல நைனா."

"அப்ப துன்னு. காத்தாலருந்து நீ நாஷ்டா கூட துன்னல. பாத்துக்கினுதான் இருந்தேன்."

சட்டியில் சோறும் எறாத் தொக்கும் இருந்தன. அவர் வீட்டிலிருந்து அவருக்கு வந்தது. அவர் எப்போது சாப்பிட்டார் என்று கேட்கக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை, ஊருக்குப் போக வேண்டிய படகை நிறுத்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ செட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த மாதிரி வயிறாரச் சாப்பிட்டதில்லை, நைனா.