மூணுதட்டு மிதக்கவிட்ட கப்பல்

சுவரை இவரளவு வெறுத்த மனிதர் ராயபுரத்தில் பிறந்ததில்லை. டீக்கடையில் யாராவது சுவரோரம் உட்கார்ந்திருந்தால் பெஞ்சோடு சேர்த்து இழுத்து நடுவில் போடுவார். கண்ணுக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று தட்டு இல்லாத காட்சி அவருக்குச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ். எங்கள் சினிமா கம்பெனியில் கேமரா உதவியாளரான அவருக்கு ‘மூணுதட்டு’ என்றே பெயர். நான் அங்கே வசனம் நகலெடுப்பவன்.

தங்கை மகள் கல்யாணத்தில், போட்டோவுக்குச் சுவரோரம் நின்ற மணமக்களை இழுத்துவந்து பந்தல் நடுவில் நிறுத்தி, முன்னால் ஒரு வாழைத்தாரைத் தொங்கவிட்டார். படத்தில் வாழைத்தார் பிரமாதமாக விழுந்திருந்தது. அதில் தன் பிள்ளையைத் தேடிக் களைத்த சம்பந்தியம்மாள் ஆறு மாதம் இவரோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவரை நம்பி ஒருநாள் எங்கள் படமே இருக்கவேண்டியதாயிற்று. கதாநாயகன் கப்பலேறிப் போகிறான். கதாநாயகி கரையில் நின்று வழியனுப்புகிறாள். துறைமுகத்தில் அனுமதி கிடைக்கவில்லை. ஸ்டுடியோவில் திரைச்சீலையில் கப்பல் வரைந்து எடுத்தோம். கதாநாயகி காலண்டர் முன்னால் நின்று அழுவது போலிருந்தது. காட்சியை வெட்டிவிடலாம் என்றார் முதலாளி. வெட்டினால் கதாநாயகன் எங்கே தொலைந்தான் என்று ஒருவருக்கும் புரியாது.

மூணுதட்டு முன்னால் வந்தார்.

“பத்தடியில நானே கப்பல் செஞ்சு தரேன் மொதலாளி. தூரத்துல கீது, அதான் சின்னதாத் தெரியுதுன்னு ஜனம் நென்ச்சுக்கும்.”

தவறினால் வேறு வேலை தேடிக்கொள் என்று சொல்லிவிட்டு முதலாளி சம்மதித்தார்.

எண்ணூர் கழிமுகத்தில் நான்கு கட்டுமரங்களைப் பிணைத்து, மேலே பலகையும் தகரமுமாகக் கப்பல் எழும்பியது. பெரியவர்கள் ஏறினால் கப்பலின் அளவு தெரிந்து குட்டு உடைந்துவிடும். அதனால் குப்பத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் கரிமீசையோடு மாலுமிகளானார்கள். கதாநாயகன் போட்டிருந்த கோட்டு மாதிரியே சின்னதாக ஒன்று தைத்து அவர்களில் ஒருவனுக்கு மாட்டியதில் நிஜக் கதாநாயகனுக்குத்தான் வருத்தம். பிள்ளைகளின் அப்பாக்கள் கப்பலுக்கு அந்தப் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் மறைந்து நின்று தள்ளினார்கள். கேமராவை ஒட்டி ஒரு பெரிய நங்கூரம். அதைத் தாண்டிக் கதாநாயகி.

உச்சி வெயிலில்தான் எடுக்கவேண்டும் என்று மூணுதட்டு பிடிவாதம் பிடித்தார். வெளிச்சம் கொட்டினால்தான் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கலாம், அப்போதுதான் நங்கூரமும் கப்பலும் ஒரே அளவு தெளிவாக விழும் என்றார். மணலில் கால் வெந்த கதாநாயகிக்குக் கிளிசரினே தேவைப்படவில்லை.

ஆனாலும் கேமராமேன் உதட்டைப் பிதுக்கினார். கப்பல் பக்கத்தில் நிற்கும் பொம்மையாகவே தெரிந்தது. முதலாளி குடையை மடக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானார். மூணுதட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி, ஈரத் தென்னைநாரைக் கொளுத்திக் கதாநாயகிக்கும் கப்பலுக்கும் நடுவே புகையைப் படரவிட்டார்.

“தொலைவுல கீறது மங்கலாத்தான் தெரியும் சார். இப்போ பாரு.”

கேமராமேன் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. குனிந்தபடியே கையை உயர்த்தி, ஆரம்பிக்கலாம் என்றார்.

படம் ராயபுரம் கொட்டகைக்கு வந்தது. கப்பல் நகர்ந்ததும் விசில் காதைக் கிழித்தது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர் பக்கத்து ஆளிடம் பெருமையாகச் சொன்னார்:

“இந்தக் கப்பல்ல நானு மூட்ட எறக்கிகீறேன் நைனா.”

இருட்டில் என் கையைப் பிடித்த மூணுதட்டு இடைவேளை மணி அடிக்கும்வரை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.