முன் சீட்

வாடகைக் காரில் ஏறி பெல்ட்டும் போட்டுக்கொண்ட பிறகுதான், தன் முன்னால் ஸ்டியரிங் இல்லை என்பது மாஸ்டருக்கு உறைத்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பாதி ஆயுசு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவர்களைத் திட்டியே கழிந்துவிட்டது. சாவி கொடுத்த பெண் சிரிப்பை அடக்கிக்கொள்ள, அவர் இறங்கிச் சுற்றிவந்து சரியான பக்கம் ஏறினார்.

பாதி வழியில் விமானம் மாறுவதற்காக இறங்கிய இடம் அது. ஊருக்குப் போகும் கடைசி விமானம் இவர் இல்லாமல் கிளம்பத் தயாராக நின்றது. விசிறி வைத்த சின்ன விமானம். அதைக் கண்டாலே அவர் மனைவிக்குக் குலை நடுங்கும்.

"இங்கேருந்து கார்ல போயிடலாங்க. முன் சீட்ல, உங்க பக்கத்துல உட்கார்ந்து வரணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

ஒவ்வொரு பயணத்திலும் அவள் இதைக் கேட்பாள். வாரம் பூரா கார்தானே, லீவு நாளிலுமா என்று இவர் அவள் வாயை அடைத்துவிடுவார்.

இந்த முறை கேட்க ஆளில்லை. வைத்தியத்துக்கென்று பெரிய நகரத்துக்கு அழைத்துப்போனவளை, ஒரு சின்னக் கலசத்தில் சாம்பலாகத்தான் திருப்பிக் கொண்டுவந்தார். வரிசையில் நின்றவருக்கு என்ன தோன்றியதோ, விலகி வந்து காரை எடுத்துவிட்டார். செத்த பிறகாவது அவள் பேச்சைக் கேட்போம் என்றுதான்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஏசியைக் குறைத்தார். அவளுக்குக் குளிர் ஆகாது. "இப்ப திருப்தியா?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டார். சீட் காலியாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

கலசத்தைக் கையில் கொண்டுபோகக் கூடாதென்று, புறப்பட்ட விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார்கள். சிவப்புப் பெட்டிக்குள் வைத்து, நேரே ஊருக்குப் போய்ச் சேரும்படி அவர்தான் ஒப்படைத்தார். ஆக, காருக்கு ஏங்கினவள் விமானத்தில்; விமானமே போதும் என்றவர் காரில்.

தூர தேசத்தில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து, மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

"அப்பா, அம்மாவைத் தனியாவா பிளைட்ல ஏத்திவிட்டீங்க?"

பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. சார்ஜரும் சிவப்புப் பெட்டியில்தான் இருந்தது.

விமானத்துக்கு முன்னால் ஊரில் போய் நின்றுவிட வேண்டும் என்று மிதித்தார். ஊருக்கெல்லாம் நிதானம் சொல்லிக்கொடுத்தவரைப் போலீஸ்காரர் ஓரங்கட்டினார். மாஸ்டர் தன் வகுப்பில் நடத்தும் பாடத்தையே ஒரு வரி விடாமல் அவருக்கே நடத்தி அனுப்பினார். போன நேரத்தைப் பிடிக்க இவர் குறுக்கு வழியில் திரும்பினார். அது வயலில் முடிந்து, கார் சேற்றில் புதைந்தது.

இழுத்துவிட டிராக்டர் வரும்வரை வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். என்ன குறைந்துபோயிருக்கும்?

ஒருவழியாக ஊர் விமான நிலையத்துக்கு வந்தபோது கூடம் காலியாகக் கிடந்தது. ஓரத்தில் சிவப்புப் பெட்டி. பக்கத்தில் நாற்காலியில் ஒரு வேன் டிரைவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

முழங்கால் வரை சேறோடு மாஸ்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டார். "அந்த பிளைட்ல தனியா வரப் பயந்துட்டியாம்மா?" என்று அதனிடம் கேட்டார்.

டிரைவர் சங்கடத்தோடு எழுந்தார்.

"அந்த பிளைட் கிளம்பவே இல்ல சார், எல்லாரையும் என் வேன்லதான் அனுப்பினாங்க, பின்னாடி இடம் பத்தாம, உங்க பெட்டிய மட்டும் முன் சீட்ல, என் பக்கத்துல வச்சு பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வந்தேன்."