புதுப் படகுக்காரர் புகார் எழுதுகிறார்

புகார் சொல்லத் தெரிந்தவர்கள் ஒரு வகை, தெரியாதவர்கள் ஒரு வகை. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. புகார் சொல்லிவிட்டதாகவே நம்பிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வீடு திரும்புகிறவர்கள். இந்த மூன்றாம் வகை இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்பிள் ஆற்றுப் படகுத்துறையில், அமோகமாக விளைகிறது. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் போய் நின்றால் போதும், கூட்டமாகவே பார்க்கலாம். அடையாளம் சுலபம்: பளபளவென்று ஒரு புதுப் பாய்மரப் படகு, அதன் அடிவயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு பின்பக்கம் மட்டும் வெளியே தெரியும் ஒரு பெரிய மனிதர், கையில் ஸ்பேனர். "படகு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளேயிருந்து பதில் வரும்: "மோசமில்ல!"

இந்த 'மோசமில்லை'யை லேசில் எடைபோட முடியாது. பிள்ளை முதல் பரிசு வாங்கினாலும் அங்கே மோசமில்லை. கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தாலும் மோசமில்லைதான். எது எந்த மோசமில்லை என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மால்கம் பெட்டிஃபரைப் பாருங்கள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர். படகை ஒப்படைத்த அன்றே, ஏறுவதற்காக அவர் பிடித்த கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நீங்களும் நானுமாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்போம். மால்கம் என்ன செய்தார்? "மன்னிக்கணும், நான்தான் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுட்டேன் போல" என்று கம்பெனி ஆளிடம் மன்னிப்புக் கேட்டார். கைப்பிடி பிடிப்பதற்குத்தானே ஐயா!

அதன்பிறகு படகு கூச்சத்தை விட்டுவிட்டது. இடப்பக்கம் சாய்ந்தால் அலமாரிக் கதவு தானாகத் திறந்து தட்டுகளை வெளியே அனுப்பியது, குழாயைத் திறந்தால் விளக்கு எரிந்தது, தினம் ஒரு ஸ்க்ரூ எங்கிருந்தோ தரையில் வந்து உட்கார்ந்தது. எங்கே போட வேண்டியது என்று தெரியாமல் மால்கம் அவற்றை ஒரு ஜாம் பாட்டிலில் சேர்த்துவைத்தார். சுக்கான் கடகடவென்று ஆடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, படுக்கைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி ஒழுகியது. ஒழுகியது என்றால், குறி தவறாமல் அவர் மனைவி ஹிலரியின் நெற்றியில்.

கம்பெனியிலிருந்து டரன் என்ற மெக்கானிக் வந்தான். மால்கம் முதலில் அவனுக்கு டீ கொடுத்தார். பிஸ்கட்டும் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"மூடி வழியா லேசா... ஈரம் மாதிரி ஏதோ வருதுப்பா."

"ஈரமா, தண்ணியா, தலைவரே?"

"தண்ணின்னு சொல்லிட முடியாது..."

பின்னால் ஹிலரி தலையணையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஈரம்னா பயமில்ல. புதுப் படகு இல்லையா, இன்னும் பழகிக்கிட்டிருக்கு" என்றான் டரன். இரண்டாவது டீயையும் குடித்துவிட்டுப் போனான்.

ஆகஸ்டில் ஹிலரிக்கு அறுபது வயது. சொந்தப் படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்சின் கரையோரம் நங்கூரம் போட்டு, பிறந்தநாள் சாப்பாட்டைப் படகின் மேல்தட்டிலேயே சாப்பிட வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஆசை. ஆடுகிற சுக்கானை நம்பி எப்படிக் கடலில் இறங்குவது? வாரண்டியோ அந்த வார வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவள் பொறுமை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

"மால்கம், இன்னிக்கே உக்காந்து எழுது. உறைக்கிற மாதிரி எழுது. இல்லன்னா நீ படகுல வா, நான் ஃபெர்ரிக் கப்பல்ல போறேன். பிழைச்சுக் கெடந்தா அந்தக் கரையில பாப்போம்."

"கிழிகிழின்னு கிழிக்கிறேன் பாரு, கண்ணு."

எழுதினார். முதல் பிரதியில் 'ஏமாற்றம்' என்றொரு சொல் இருந்தது. திரும்பப் படித்தபோது அவருக்கே உடம்பு பதறியது. அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்களே! ஏமாற்றம் 'வியப்பு' ஆயிற்று. 'ஒழுகுகிறது' என்ற சொல் ரொம்பவும் பச்சையாக இருந்தது, அதையும் எடுத்தார். நான்காம் பிரதி இப்படி அமைந்தது:

"ஐயா, தங்கள் படகு எங்களுக்குத் தந்துவரும் அனுபவத்தை வார்த்தைகளில் சொல்வது கடினம். ஒவ்வொரு பயணத்திலும் புதிதாக ஏதேனும் கண்டெடுக்கிறோம். கைப்பிடிகள் எங்களை விட்டுப் பிரிவதே இல்லை. சுக்கான் தனக்கென்று ஓர் உயிர் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. படுத்திருக்கும்போதும் கடலை இத்தனை நெருக்கமாக உணரலாம் என்று என் மனைவி கனவிலும் எதிர்பார்த்ததில்லை. தங்களில் ஒருவர் வந்து பார்த்தால் மகிழ்வோம்."

எழுதி முடித்தபோது மால்கமுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கம்பெனியையே தரைமட்டமாக்கிவிட்ட களைப்பு. ஹிலரி வாங்கிப் படித்தாள். அதுவரை சண்டமாருதமாய் வீசியவள் முகம் சுருங்கிப்போனது.

"ஐயோ மால்கம், உறைக்கிற மாதிரின்னு சொன்னேன், அதுக்காக இப்படியா? பாவம், படிக்கிறவங்க மனசு என்ன பாடுபடும்? கடைசியில 'அவசரம் ஒன்றுமில்லை'ன்னு ஒரு வரி சேத்துடு."

சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து பெரிய உறை வந்தது. உள்ளே வழவழவென்று புது விளம்பரப் புத்தகம். அதன் முதல் பக்கம் முழுக்க, பொன்னிற எழுத்தில், மால்கமின் கடிதம்; ஓரத்தில், படகை ஒப்படைத்த அன்று எடுத்த அவர் படம். "வாரண்டி முடியும் வேளையிலும் நெஞ்சம் நெகிழ்ந்து வாழ்த்தும் வாடிக்கையாளர்" என்று தலைப்பு. அழைத்தபடி வந்து பார்க்க ஆசைதான், அவசரமில்லை என்று சொல்லியிருப்பதால் அடுத்த கோடையில் கட்டாயம் வருகிறோம் என்று மேலாளர் தன் கைப்பட ஒரு குறிப்பும் வைத்திருந்தார். மால்கம் உடனே அதற்குப் பதில் எழுதினார். நன்றி என்றுதான்.

ஆகஸ்டில் இருவரும் ஃபெர்ரியில் போனார்கள். ஹிலரிக்கு வருத்தம்தான். அறுபது வயது ஒருமுறைதானே வரும்? ஆறிப்போன மீன் வறுவலை வைத்துக்கொண்டு அவள் சன்னல் வழியே கடலைப் பார்த்தபடி இருந்தபோது, பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார்.

"நீங்கதானே அந்தக் கடிதம் எழுதின பெட்டிஃபர்? புத்தகத்துல உங்க படம் பாத்தேன். அதைப் படிச்சுட்டுத்தான் நானும் அதே படகை வாங்கினேன்!"

மால்கம் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எப்படி... இருக்கு?"

"மோசமில்ல" என்றார் அவர்.

புதுப் படகு வாங்கியவருக்கு ஆகஸ்ட் மாதத்தில் ஃபெர்ரியில் என்ன வேலை என்று மால்கம் கேட்கவில்லை. அவரும் இவரைக் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டி முடித்ததும், சலூன்காரர் பிடரிக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்து "ஓகேவா சார்?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? இடப்பக்கம் மேட்டிலும் வலப்பக்கம் பள்ளத்திலும் இருந்ததை நீங்கள் நன்றாகத்தான் பார்த்தீர்கள். "சூப்பர்" என்று சொல்லிவிட்டு எழுந்து, நேரே தொப்பிக் கடைக்குப் போனது யாராம்?