நாற்பது கஜக் கடிகாரக்காரர்

கடிகாரக்காரர் என்று மனிதரில் ஒரு ரகம் உண்டு. கடிகாரம் பழுது பார்ப்பவரைச் சொல்லவில்லை. அவரால் உலகத்துக்கு உபயோகம் உண்டு. நான் சொல்கிறவர் கழுத்தில் ஓட்டக் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணில் படுகிற சகலத்தையும் நாற்பது கஜ தூரத்துக்கு ஓடவிட்டுப் பார்க்கத் துடிக்கிறவர். உங்கள் ஊரில் அவர் வேறு எதையாவது அளந்துகொண்டிருக்கலாம். எங்கள் வடகிழக்கு ஒஹாயோவில் ஃபுட்பால் ஆடுகிற பையன்களை அளக்கிறார்.

கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற பந்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள். ஆகவே எங்களிடம் ரொம்ப நியாயம் எதிர்பார்க்கக் கூடாது. வருடா வருடம் ஏப்ரலில் தொழில்முறை அணிகள் வரிசையாக உட்கார்ந்து, கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதற்குச் சில வாரம் முன்னால் அந்தப் பையன்களை ஒரு பெரிய கூரையின் கீழே கூட்டி, அரைக்கால் சட்டையோடு எடை பார்த்து, கையை விரிக்கச் சொல்லிச் சாண் அளந்து, நின்ற இடத்திலேயே குதிக்கச் சொல்லி, கடைசியாக நாற்பது கஜம் ஓடச் சொல்லி விநாடி கணக்கெடுப்பார்கள். பந்து? அது ஓரமாக எங்கேயாவது கிடக்கும்.

இங்கேதான் நாடு இரண்டாகப் பிரிகிறது. மூன்று வருடம் கல்லூரியில் அவன் எத்தனை பந்து பிடித்தான், எத்தனை முறை எல்லைக்கோட்டைத் தாண்டினான் என்று பார்த்தால் போதாதா என்பது ஒரு கட்சி. இதுவரை கணக்கில் ஏறிய வரவைப் பார்க்கிற இவர்களை வரவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதெல்லாம் பழங்கதை, இன்று காலை அவன் எவ்வளவு வேகம் ஓடினான் என்பதுதான் உண்மை என்பது கடிகாரக்காரர் கட்சி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று கேட்கிறீர்களா? அப்படிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

எங்கள் ஊர்க் கடிகாரக்காரரின் பெயர் வெர்லின் ஹோஸ்டெட்லர். கார்ப்பெட் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது, இடுப்புப் பட்டையைத் தாண்டிய வயிறு. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தையை எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினால், இவர் விரலைப் பிரித்துப் பார்த்து, "கை சின்னது. பந்து எறியறவனா வரமாட்டான்" என்று வருத்தப்படுவார். புதிதாக வந்த பாதிரியாரின் முதல் பிரசங்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "குரல் பரவால்ல. ஆனா நாற்காலியில இருந்து மேடைக்குப் போற முதல் பத்து கஜம் ரொம்ப மந்தம்யா" என்றார். தன் மகளைக் கட்டிக்கொள்ள வந்த பையனின் சம்பளத்தை அவர் விசாரிக்கவில்லை, குடும்பத்தை விசாரிக்கவில்லை; பக்கவாட்டில் நாலு எட்டு நகரச் சொல்லி இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று பார்த்தார். பையனுக்கு நல்ல இடுப்பு. கல்யாணம் நடந்தது.

கடிகாரக்காரருக்கென்று தனி அகராதி உண்டு. பந்தே பிடிக்கத் தெரியாதவனை 'பச்சைக் களிமண்' என்பார். அதாவது, நல்ல கையில் கிடைத்தால் பானையாகிவிடுவானாம். ஒன்றுக்கும் உதவாதவனை 'இவனுக்கு எல்லையே கிடையாது' என்பார். ஒழுங்காக ஆடுகிறவனை? 'இவன் இவ்வளவுதான்' என்பார்.

இத்தனைக்கும் அடித்தளம் ஒரு சரித்திரச் சம்பவம். வெர்லின் பள்ளிக்கூட அணியில் இருந்தபோது நாற்பது கஜத்தை நாலரை விநாடியில் ஓடினாராம். ஓடியதைப் பார்த்த கோச் காலமாகிவிட்டார். ஆரம்பத்தில், அதாவது அவர் கல்யாணத்தின்போது, இது நாலே முக்காலாக இருந்ததாக எனக்கு ஞாபகம். வயிறு முன்னேற முன்னேற விநாடி பின்வாங்கி, மகள் கல்லூரிக்குப் போன சமயத்தில் நாலரைக்கு வந்து நின்றது. கடையில் கார்ப்பெட் வாங்க வருகிறவர்களுக்கு நிறம், விலை, இந்த நாலரை மூன்றும் சொல்லப்படும். அந்த எண்தான் அவருடைய சொத்து. அதற்குத்தான் போன வருடம் ஆபத்து வந்தது.

எங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கற்பனை லீக் நடத்துகிறோம். ஆளுக்கொரு கற்பனை அணி. நிஜ ஆட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வேர்க்க விறுவிறுக்க ஓடினால், கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டு சோபாவில் கிடக்கிற எங்களுக்குப் புள்ளி ஏறும். டிராஃப்ட் முடிந்த வார சனிக்கிழமை, வெர்லின் வீட்டு நிலவறையில் கூடி, புதுப் பையன்களை எங்கள் அணிகளுக்குப் பங்கு போட்டுக்கொள்வோம். கடைசி இடத்துக்கு வந்தவருக்கு முதலில் எடுக்கும் உரிமை. அந்தச் சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. அன்று காலை அவர் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில், இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் நாற்பது கஜம் ஓட வேண்டும். ஓடிய நேரத்தை அடுத்த வருடம் முழுக்கத் தன் வண்டியின் பின்கண்ணாடியில் எழுதிவைத்துக்கொண்டு திரிய வேண்டும்.

போன வருடம் ஓடியவர் பல் டாக்டர் லோவெல் பாவ்லிக். அவர் சுத்தமான வரவுக்காரர். அதற்கு முந்தின வருடம், கல்லூரியில் பந்து பிடித்துச் சாதனை படைத்த ஒரு பையனை நம்பி எடுத்தார். அந்தக் கல்லூரி வேறெதுவுமே செய்யாமல் நாள் முழுக்க அவனுக்கே பந்து எறிந்துகொண்டிருந்தது என்பதைக் கவனிக்கத் தவறினார். தொழில்முறை ஆட்டத்தில் அந்தப் பையனால் தன்னை மறித்து நின்ற எதிரணிக்காரனிடமிருந்து ஓரடி விலக முடியவில்லை. லோவெல் கடைசி. 6.8 என்று அவர் கார்க் கண்ணாடியில் ஏறியது. வெர்லின் விட்டாரா? சிக்னலில் பின்னால் நிற்கும்போதெல்லாம் ஹாரன் அடித்தார். பல்லைக் காட்ட நாற்காலியில் படுத்திருக்கும்போதுகூட, "ஊசியையாச்சும் சீக்கிரம் போடு, லோவெல்" என்றார். மருந்து ஊசி கையில் இருக்கிறவரைக் கேலி செய்கிற துணிச்சல் கடிகாரக்காரருக்கு மட்டும்தான் வரும்.

அந்த வருடம் டிராஃப்டுக்கு முன்னால் நடந்த நாற்பது கஜ ஓட்டத்தில் கேலன் ட்ரூவிட் என்று ஒரு பையன் காற்றாகப் பறந்தான். வெர்லினுக்குச் சோறு இறங்கவில்லை. தன் அணியில் வாரா வாரம் ஒழுங்காகப் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்த இரண்டு மூத்த ஆட்டக்காரர்களை லோவெலிடம் தூக்கிக் கொடுத்து, முதலில் எடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்.

"வெர்லின், நல்லா யோசிச்சுக்க. இதே வருஷம் வர்ற அந்த மோஸ் லண்ட்கிரென் காலேஜ்ல மூணு வருஷமா பிடிச்சுக் குவிச்சிருக்கான். உன் ஆளு காலேஜ்ல பிடிச்சது மொத்தமே பத்தொம்பது பந்து" என்றார் லோவெல். கொடுத்த பிறகும் புத்தி சொல்கிற நல்ல மனிதர்.

"பந்து பிடிக்கறதைக் கோச் சொல்லிக் குடுத்துடுவாருய்யா. வேகத்தை யாரு சொல்லிக் குடுப்பா? அது அம்மா வயித்துலயே வாங்கிட்டு வர்றது."

"பந்து இல்லாம ஓடறதுக்கு எங்க வீட்டு நாயே போதுமே."

வெர்லின் ஒரு கணம் யோசித்தார். "உங்க நாய் எவ்ளோ நேரத்துல ஓடும்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

கேலனை எடுத்தார். செப்டம்பரில் ஆட்டம் தொடங்கியது. கேலன் ஓடினான். அதில் குறையே சொல்ல முடியாது. காவலுக்கு நின்றவர்களை அம்போவென்று விட்டுவிட்டு, தன்னந்தனியாக, பரந்த வெளியில் ஓடினான். பந்து வந்தது. நெஞ்சில் பட்டது. கீழே விழுந்தது. அடுத்த வாரம் தோளில் பட்டது. அதற்கடுத்த வாரம் ஹெல்மெட்டில் பட்டு எதிரணிக்காரன் கையில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் வெர்லின் சோபாவிலிருந்து எழுந்து, "பார்த்தீங்களா, எவ்ளோ தூரம் விலகி நிக்கறான் பாருங்க!" என்று கத்தினார். விலகித்தான் நின்றான், பந்திடமிருந்தும். மோஸ் லண்ட்கிரென் மாட்டு வண்டி வேகத்தில் போய், வந்த பந்தையெல்லாம் பிடித்து, அவனை எடுத்தவருக்குப் புள்ளியாகக் கொட்டிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்குள் சந்தேகமில்லாமல் வெர்லின் கடைசி.

இனி நாலரையின் கதி என்ன? ஊரே ஏப்ரலுக்குக் காத்திருந்தது. கடைக்கு வருகிறவர்கள் கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெர்லினின் தொடையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் மனைவி ட்ரூடிதான் கவலைப்படவில்லை.

"நாலரைதானே? ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துடேன். அப்படியே பால் வாங்கிட்டு வா."

"அப்போ எனக்குப் பதினேழு வயசு, ட்ரூடி."

"வேகம் அம்மா வயித்துல இருந்து வர்றதுன்னு நீதானே சொல்வே? அது எங்கே போயிடப்போகுது?"

வெர்லின் போய்ப் புது ஷூ வாங்கினார். கேரட் சாப்பிட்டார். கடைக்குப் பின்னால், சுருட்டி நிறுத்திய கார்ப்பெட்களுக்கு நடுவே அவர் ஓடிப் பார்ப்பதாகவும், ஒருநாள் பெரிய சுருள் ஒன்று அவர் மேல் சாய்ந்துவிட்டதாகவும் தகவல். கடைசி வாரத்தில் லீக்குக்கு ஒரு கோரிக்கை வைத்தார்: மின்சாரக் கடிகாரம் வேண்டாம், கையால் அழுத்துகிற கடிகாரமே போதும், அதுதான் நம் முன்னோர் வழி. லோவெல் பதிலுக்குத் தன் சொந்தச் செலவில், ஒளிக்கற்றையைக் கால் தாண்டினால் தானே நேரம் குறிக்கிற கருவி ஒரு ஜோடி வரவழைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை மைதானத்தில் கூட்டம். மடக்கு நாற்காலி, காபி, டோனட் சகிதம் ஊர் வந்திருந்தது. அவர் மருமகனும் வந்து, மாமனாரின் இடுப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். இறுக்கமான கால்சட்டையில் வந்த வெர்லினைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரே ஊரில் இருக்கிறோம். புல்லில் ஈரம் என்றார். எதிர்காற்று என்றார். ஷூ புதிது, கடிக்கிறது என்றார். பிறகு குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அந்த ஒரு கணம் மட்டும், உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் முகத்தில் பதினேழு வயது தெரிந்தது. எனக்கே அவர் ஜெயித்தால் தேவலை என்று இருந்தது.

புறப்பட்டார். முதல் பத்து கஜம் கம்பீரம். இருபதில் கம்பீரம் மூச்சு வாங்கியது. முப்பதில் ஒரு கை தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. மீதி தூரத்தை ஒற்றைக்காலில் தத்திக் கடந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் குப்புற விழுந்தார். கருவி 8.1 என்று காட்டியது.

லோவெல் துள்ளினார். "எட்டு! எட்டுக்கு மேல! கடிகாரம் பொய் சொல்லாதுடா வெர்லின்! ஆளு எப்படின்னு இந்த ஒரு நம்பர் போதும்!" மூன்று வருடத்து வரவைப் பார்க்க வேண்டும் என்று உயிரை விட்ட அதே லோவெல்தான்.

வெர்லின் புல்லில் புரண்டு மல்லாந்தார். வலியில் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஒரு ஓட்டத்தை வெச்சு ஒரு மனுஷனை எடை போடுவீங்களாய்யா? முப்பது வருஷமா நான் என்னென்ன செஞ்சிருக்கேன்னு பாருங்க! இந்த ஊர்ல யார் வீட்டுல நான் கார்ப்பெட் விரிக்கல? எங்கயாச்சும் ஒரு மூலை தூக்கிட்டு நிக்குதா? யாராச்சும் தடுக்கி விழுந்தீங்களா? அதைப் பார்க்க மாட்டீங்க! இன்னைக்குக் காலைல ஈரப் புல்லுல ஓடினதை மட்டும் பார்ப்பீங்க!"

உருக்கமான பேச்சு, நியாயமான பேச்சும்கூட. ட்ரூடி அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இதைத்தானே வெர்லின் அந்த மோஸ் பையனைப் பத்தி எல்லாரும் உன்கிட்ட சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திருந்திவிட்டார் என்றே நாங்கள் அனைவரும் நினைத்தோம்.

மதியம் நிலவறையில் கூடினோம். வெர்லின் சாய்வு நாற்காலியில், தொடைக்கடியில் ஐஸ் பையோடு. முதலில் எடுக்க வேண்டியவர் அவர். புதுப் பையன்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் பேச்சு: ஒருவன் கல்லூரியில் நான்கு வருடமும் பந்தைக் கீழே விட்டதே இல்லை, ஆனால் ஓட்டம் சுமார். இன்னொருவன் காயத்தில் பாதி நாள் வெளியே உட்கார்ந்திருந்தவன், பிடித்த பந்துகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், ஆனால் அந்த அளவெடுக்கிற முகாமில் எல்லாரையும்விட வேகமாக நாற்பது கஜம் ஓடியவன்.

"சொல்லு வெர்லின்" என்றார் லோவெல், இந்த முறை நிஜமான மரியாதையோடு.

வெர்லின் ஐஸ் பையைச் சற்று நகர்த்தி வைத்தார். பெருமூச்சு விட்டார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"ரெண்டாமவன்" என்றார். "அவன் ஓடினதைப் பார்த்தீங்களா நீங்க?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம்மைப் பற்றியென்றால் முழு வரலாற்றையும் பார்க்கச் சொல்வது, அடுத்தவரென்றால் ஒரே ஒரு எண் போதும் என்பது ஒஹாயோக்காரர்களின் வியாதி என்று நினைத்துக்கொள்ளுங்கள், மனதுக்குச் சௌகரியமாக இருக்கும். ஒரு சின்ன சந்தேகம் மட்டும். இதைப் படித்து முடிக்க உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று? அவ்வளவு நேரமா? "வேகமா முக்கியம்? நான் நிதானமாக, ரசித்து, ஒரு வரி விடாமல் படித்தேனாக்கும்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டதல்லவா? நல்லது. அப்படியே குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.