மூன்று வடு இருந்தால் முதல் ரகம்

ஆம்பூர்,
1934 ஆகஸ்ட், புதன்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி சாமுவேலுக்கு, அக்கா ஞானசௌந்தரி தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. அவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம். வேலூரில் நீயும் அப்படியே இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. அதை நான் உரக்க வாசித்தபோது சமையற்கட்டில் இருந்தவர்கள்: நான், உன் மாமா, தோல் ஷாப்பில் ஊறின தோலுக்கு மயிர் சுரண்டும் எல்லம்மா, பின்கட்டு வழியாக வந்த பக்கத்து வீட்டு நசீமுன்னிசா. எல்லம்மாவின் ஆடும் இருந்தது. அதற்கு விஷயம் முழுவதும் புரிந்திருக்காது.

ஜில்லா சுகாதாரப் பிரசாரத்துக்கு உன்னைத் தலைவனாகப் போடுகிறார்கள் என்றதும் எல்லோரும் தோத்திரம் செய்தோம். அடுத்த வரியிலேயே, "தவறுதலாக என் பெயர் வந்திருக்கிறது, ஆம்பூரில் அம்மை குத்திக்கொள்ள ஒரு கையைக்கூட நீட்ட வைக்க முடியாதவன் நான், வெள்ளிக்கிழமைக்குள் மறுத்து எழுதிவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். உன் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எல்லம்மா, "இன்னாக்கா சொல்றாரு தம்பி? அப்போ எங்க கையெல்லாம் கையில்லியா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். நீ போன பிறகு இங்கே நடந்ததை உன் சுகாதார இலாகா அதிகாரி உனக்குச் சொல்லியிருப்பார் என்றே நாங்கள் இருந்தோம். அவர் சொல்லவில்லை போலும். நான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அம்மை குத்த வந்தவரைக் கண்டு தோல் ஷாப் ஜனங்கள் பாலாற்றுக்கு ஓடினது உனக்குத் தெரியும். ஏன் ஓடினார்கள் என்று கேட்டவன் நீ ஒருவன்தான். ரகம் பிரித்து முத்திரை குத்தின தோலெல்லாம் சென்னைக்குப் போய் லண்டன் கப்பல் ஏறுவதைப் பார்த்தே பிழைக்கிற ஜனங்கள், கையில் குத்திப் பேரையும் எழுதிக்கொண்டால், தங்களையும் கப்பலேற்றப் போகிறார்கள் என்றல்லாமல் வேறென்ன நினைப்பார்கள்? அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். நீயோ கல்கத்தா வரைக்கும் போய் மனோதத்துவம் படித்தவன், புளியமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டாய். பஞ்சாயத்துக்கு யாரோ வந்திருக்கிறார் என்று எண்ணி மாமியார் சண்டை, வேலிச் சண்டை, கோழி திருடினவன் கதை எல்லாவற்றையும் உன் தலையில் கொட்டினார்கள். "கதை கேட்கவா சர்க்கார் சம்பளம்?" என்று அதிகாரி உன்னைத் திரும்ப அழைத்துக்கொண்டார். நீயும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரயிலேறினாய்.

மறுவாரம் அம்மை குத்துகிறவர் திரும்ப வந்தார். யாரும் கூப்பிடாமலே எல்லம்மா முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "பினாங்குக்குக் கப்பல் ஏறுன என் வூட்டுக்காரரு திரும்பியே வர்ல. அத்த சொன்னா ஊரே சிரிக்கும். அந்தத் தம்பி சிரிக்கல. போனவரு வரலன்னா கப்பல்னாலே பயம் வரத்தானே செய்யும்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. சிரிக்காத ஆளு அனுப்புன மருந்து இது, குத்துய்யா!" என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அவளுக்கு மூன்று இடத்தில் குத்தினார்கள். அவளைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. மருந்து குறையக் குறைய, பின்னால் வந்தவர்களுக்கு இரண்டு, கடைசியில் வந்தவர்களுக்கு ஒன்று. வந்தது வினை! "எனக்கு மூணு வடு, நான் முதல் ரகம்டி" என்று எல்லம்மா கையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். நசீமுன்னிசாவின் வீட்டுக்காரர் அமீர் பாஷா, அவர் ஒரு தோலைத் தடவி ரகம் சொன்னால் முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார், அவர் கையில் ஒன்றே ஒன்று. எல்லம்மா சும்மா இருந்திருக்கலாம். "இன்னா பாய், நீ எந்த ரகத்துலயும் சேராத கழிசலா?" என்று கேட்டுவிட்டாள்.

அன்று முதல் மனுஷர் சாப்பிடவில்லை. நசீமுன்னிசா என்னிடம் வந்து, "ரொம்ப பேஜாரா கீதுக்கா. சோறு வெச்சா தட்டப் பாக்குறாரு, கையப் பாக்குறாரு, எழுந்து போய்ட்றாரு" என்று அழுதாள். நான் புத்திமதி சொல்ல வாயைத் திறந்தேன், உன் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். "அப்புறம்?" என்றேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள், என் குழம்பு அடிப்பிடித்துக்கொண்டே போனது. குழம்பு முழுவதும் கருகின பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தபா மொத ஆளா நிக்கச் சொல்றேன்" என்று எழுந்தாள். நீ படித்த படிப்பு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அடுத்த முறை வரிசையில் முதலில் அமீர் பாஷா. பின்னால் ஒரு வடுக்காரர், இரண்டு வடுக்காரர் எல்லோரும், குறைந்த வடுவைப் போட்டுக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று நின்றார்கள். இந்த முறை பாலாற்றுப் பக்கம் ஓடினவர் அம்மை குத்துகிறவர்.

கோடையில் அம்மை வந்தது, தம்பி. சுற்று ஊர்களில் எத்தனையோ தொட்டில் காலியாயிற்று. நம் தெருவில் ஒரு பிள்ளையும் போகவில்லை. நான் ஆலயத்தில் உன் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் செய்தேன். நசீமுன்னிசா தொழுகையில் துஆ கேட்டாள். எல்லம்மா கெங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்து உன் பெயரைச் சொன்னாள். "தம்பிக்கும் மூணு ஆச்சி, முதல் ரகம்தான்" என்கிறாள். மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்தது உனக்குத்தான் தெரியவில்லை.

இத்தனையும் எழுதினது உன்னை வற்புறுத்த அல்ல. பிறர் முடிவை நாம் எடுக்கக் கூடாது என்று நீ கற்றுக்கொடுத்ததை நான் மீற மாட்டேன். நீயே யோசித்து, ஜெபம் பண்ணி, உன் மனசு சொல்கிறபடி செய். எதுவானாலும் அக்காவுக்குச் சம்மதம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மாமா வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அன்பு அக்கா,
ஞானசௌந்தரி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கப் போன இடத்தில் மனசு கேட்கவில்லை. "சம்மதம்" என்று உன் பெயரில் உன் இலாகாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். தபால் ஆபீஸ் ராமமூர்த்தி, "அவர் கொடுக்கச் சொன்னாராம்மா?" என்று கேட்டார். "அப்புறம்?" என்றேன். வேறொன்றும் கேட்காமல் அடித்துவிட்டார். செலவைக் காணிக்கைக் கணக்கில் எழுதியிருக்கிறேன். கோபமா, இல்லையா என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுது.